தம் கட்டிய இன்ஜின்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இன்று ஸ்ரீராம் கேட்வே என்ற ஐ.டி. வளாகம் இருக்கிறது. தாம்பரம், வண்டலூர் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்த இடம்தான். ஹெரால்டு காரும் கெஜல் காரும் அங்கே உருவானவை. 1985ஆம் ஆண்டு, வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்த அதே ஆண்டு, அந்த ஆலையிலிருந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்றொரு பெரிய கார் வெளியே வந்தது. அதன் உடம்பு, 1976இல் இங்கிலாந்தில் அறிமுகமான ரோவர் எஸ்டி1 காருடையது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே உட்கார்ந்திருந்தது, அந்த உடம்பைவிடக் கிட்டத்தட்ட முப்பது வயது மூத்த இன்ஜின்.

அந்த இன்ஜின் குடும்பம் ஏர் உழுதிருக்கிறது, பந்தயத்தில் ஓடியிருக்கிறது, தென் துருவம்வரை போயிருக்கிறது. எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பெருங்களத்தூரில் வேலைக்குச் சேர்ந்தது. பழைய கார் வாங்கும்போது ‘இன்ஜின் நல்லா இருக்கா?’ என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி எதுவரை செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடைக்காது.

கதை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே பேனர் லேன் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆலை, போர் விமானங்களுக்கு இன்ஜின் செய்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் ஆலைக்கு வேலை இல்லை. அதை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் சர் ஜான் பிளாக், ஆலையை ஓட்ட ஒரு சரக்கைத் தேடினார். தன் டிராக்டரைச் செய்துதர ஓர் ஆலையைத் தேடிக்கொண்டிருந்தார் ஹாரி பெர்குசன். இருவருக்கும் ஒத்துப்போனது. 1946இல் டிஇ20 என்ற சின்னச் சாம்பல் நிற டிராக்டர் வெளிவந்தது. முதலில் வந்த வண்டிகளுக்கு அமெரிக்காவின் கான்டினென்டல் இன்ஜின். 1947இலிருந்து ஸ்டாண்டர்டு தன் சொந்த நாலு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தத் தொடங்கியது. அதே ஆண்டில் அறிமுகமான வான்கார்டு காருக்கும் அதே இன்ஜின் குடும்பம்தான். 1956இல் டிஇ20 நிற்பதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் உருவாகிவிட்டன.

டிராக்டருக்கும் காருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் அதன் உடற்கட்டு தனி மாதிரி. சாதாரணமாக இன்ஜின் பிளாக்கிலேயே சிலிண்டர்களைக் குடைந்திருப்பார்கள். உள்சுவர் தேய்ந்தால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் ‘போர்’ பண்ண வேண்டும். இந்த இன்ஜினில் நாலு சிலிண்டரும் நாலு தனிக் குழாய்கள். பிளாக்குக்குள் அவற்றை இறக்கி நிறுத்தியிருப்பார்கள். ரேடியேட்டர் தண்ணீர் அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தை நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். மெக்கானிக்குகள் ‘வெட் லைனர்’ என்பது இதைத்தான். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் உருவிவிட்டுப் புதுசு இறக்கலாம். பட்டறை இல்லாத ஊரில், கொட்டகையிலேயே வைத்து இன்ஜினை முழுசாக வேலை பார்த்துவிட முடியும். விவசாயிக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் கட்டமைப்பில் இன்னொரு வசதியும் இருந்தது. லைனரின் விட்டத்தை மாற்றினால் இன்ஜினின் சி.சி. மாறிவிடும். 85 மி.மீ. விட்டம், 92 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 2088 சி.சி.; அது வான்கார்டு. விட்டத்தை 83 மி.மீ. ஆக்கினால் 1991 சி.சி. பந்தயத்தில் இரண்டு லிட்டர் பிரிவுக்குள் நுழைய அந்த அளவு போதும். அப்படித்தான் டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் அந்தக் கார் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் எட்மண்ட் ஹிலாரி பெர்குசன் டிராக்டர்களை அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோனார். 1958 ஜனவரி 4 அன்று அந்த டிராக்டர்கள் தென் துருவத்தில் போய் நின்றன.

உழவு, வேகம், பனி என மூன்று இடத்திலும் இன்ஜினின் எலும்புக்கூடு ஒன்றே. லைனரின் விட்டம் போக, மாற்றியது முக்கியமாக ஓர் எண்ணை: கம்ப்ரஷன் ரேஷியோ. பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள காற்று, பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்ற கணக்கு அது. வான்கார்டில் 6.7, டிஆர்2இல் 8.5. டிராக்டரில் வான்கார்டையும்விடக் குறைவு. மட்டமான எரிபொருளை அதிகமாக அழுத்தினால் நேரம் வருவதற்கு முன்பே வெடித்து ‘நாக்கிங்’ அடிக்கும். எனவே எண்ணெய்க்குத் தகுந்த அழுத்தம் வைத்தார்கள்.

ரேஷியோ என்பது இன்ஜினுக்குப் பிறவியிலேயே விதித்தது. அந்த விதிப்படி இன்றும் அழுத்த முடிகிறதா என்று பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். கபடியில் பாடிப் போகிறவன் தம் கட்டுவதைப் போலத்தான் இதுவும். காற்றை இழுப்பது பெரிதல்ல, இழுத்த காற்றை விடாமல் பிடித்துவைக்க வேண்டும். இன்ஜினில் அந்தப் பிடியைக் காப்பவை மூன்று: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், மேலே மூடும் வால்வுகள், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட். இவற்றில் எது தளர்ந்தாலும் தம் கசியும்.

மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் எட்டு மடங்கு, அதாவது 118 வரும். வெளிக்காற்றைக் கழித்துவிட்டால் கேஜ் 103 காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். ஆனால் வேகமாக அமுக்கும்போது காற்று சூடாகி மேலும் விரியப் பார்க்கும். அதனால் நல்ல இன்ஜினில் முள் அதற்கும் மேலே போகும். பத்துக்குப் பக்கத்தில் ரேஷியோ உள்ள இன்றைய பெட்ரோல் கார்களில் 150இலிருந்து 200வரை சாதாரணம். அந்தப் பழக்கத்தில் இருக்கும் மெக்கானிக் பழைய வான்கார்டில் கேஜை மாட்டி 110, 120 என்று கண்டால் ‘இன்ஜின் போச்சு’ என்பார். போகவில்லை, 6.7 ரேஷியோவுக்கு அதுதான் ஆரோக்கியம். டீசல் இன்ஜின் என்றால் 350, 400 என்று ஏறும். பெட்ரோல் கேஜை அதில் மாட்டினால் கேஜ் போய்விடும்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் ஆசை கார்களைவிட மூத்தது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796இலேயே நீராவி இன்ஜினின் அழுத்தத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் கருவியை உருவாக்கினார். வாட்டின் கம்பெனி அதை வெகுநாள் தொழில் ரகசியமாக வைத்திருந்தது. இன்று அதன் கொள்ளுப்பேரன், ரப்பர் குழாயும் ஒரு முள்ளும் உள்ள சின்னக் கேஜாக ஸ்பேனர் பெட்டியில் கிடக்கிறது.

இன்ஜின் நம் ஊருக்கு வந்த வழிக்கு வருவோம். சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1950களின் தொடக்கத்தில் வான்கார்டைப் பூட்டி விற்றது. பின்னால் சின்னக் கார்கள்; 1961இல் 948 சி.சி. ஹெரால்டு. அதே 1961இல் தாய்க் கம்பெனியை பிரிட்டனின் லேலண்ட் வாங்கியது. 1963இல் பிரிட்டனில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரில் கார் வருவதே நின்றுபோனது. வெட் லைனர் இன்ஜின் போட்ட டிரையம்ப் கார்களும் 1967இல் முடிந்தன. பெற்ற ஊர் கைவிட்ட பெயரையும் இன்ஜினையும் பெருங்களத்தூர் விடாமல் வைத்திருந்தது. ஹெரால்டும், அதன்பின் 1970களின் பிற்பகுதியில் கெஜலும் நின்ற பிறகு, அந்த ஆலை வேன்களை மட்டும் செய்துகொண்டிருந்தது.

1980களில் காற்று மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பெரிய கார் வேண்டும் என்பவர்களுக்கு 1984இல் கான்டெஸா. ஸ்டாண்டர்டும் ரோவர் எஸ்டி1இன் உடம்பைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். இங்கே அதைச் செய்ய வழியில்லை. ஆலைக்குத் தெரிந்த இன்ஜின் பழைய வான்கார்டு வழி வந்த 1991 சி.சி.தான். 83 குதிரைத்திறன், எஸ்.யு. கார்புரேட்டர், நாலு கியர். நம் சாலைக்காகக் காரைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினார்கள். அப்படிப் பிறந்தது ஸ்டாண்டர்டு 2000.

இப்போது அப்படியொரு கார் முடிச்சூர் பக்கம் ஏதோ ஒரு பழைய ஒர்க்‌ஷாப்பில் விலைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட் ஆகிறது, புகை அதிகமில்லை, வாங்கலாமா என்று கேட்கிறார் ஒருவர். மெக்கானிக் முதலில் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவார். குளிர்ந்த இன்ஜினில் ரிங் முழுசாக உட்காராது. பேட்டரி சார்ஜ் பார்ப்பார். பிறகு பையனுக்குக் குரல் கொடுப்பார்.

“தம்பி, நாலு பிளக்கையும் கழட்டிடு. காயில் ஒயரை உருவி ஓரமா வை.”

“எதுக்குண்ணே நாலும்? ஒண்ணு கழட்டி ஒண்ணு பார்த்தாப் போதாதா?”

“மத்த மூணும் அமுக்கிக்கிட்டே இருந்தா செல்ஃப் மோட்டார் திணறும்டா. சுத்துற வேகம் கொறைஞ்சா ரீடிங்கும் கொறையும். அப்புறம் நல்ல இன்ஜினைக் கெட்டதும்போம்.”

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் துணிமேல் வைக்கிறான் பையன். அதுவே பாதி ரிப்போர்ட். முனை எண்ணெய்ப்பசையாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஆயில் குடிக்கிறது. கேஜை முதல் பிளக் துளையில் கையால் திருகி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகக் காற்றே இருக்காது. செல்ஃப் அடித்தால் முள் எகிறி எகிறி ஏறும். ஐந்தாறு எகிறலில் நின்றுவிடும். முதல் எகிறலிலேயே பெரும்பங்கு ஏறினால் ரிங் நன்றாக இருக்கிறது. தவணை முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங்கின்மேல் சந்தேகப்பட வேண்டும்.

நாலும் 130க்குப் பக்கத்தில் வந்தால் கவலையில்லை. ஓர் எண் தனியாகப் பார்த்தால் பாதிதான் சொல்லும். நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். அதிகமானதற்கும் குறைவானதற்கும் பத்து, பதினைந்து சதவீதத்துக்குமேல் இடைவெளி விழக்கூடாது. ஒன்று மட்டும் 90 என்றால், அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடிப்பார்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். முள் 120க்குப் போனால் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. அசையவில்லை என்றால் கசிவு மேலே, வால்வில்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கட் நடுவில் போயிருக்கிறது. இந்த இன்ஜினில் அதற்கு இன்னும் ஆழமான காரணம் இருக்கலாம். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தூக்கி நிற்க வேண்டும்; 0.08 முதல் 0.13 மி.மீ. அந்தத் துளி உயரம்தான் கேஸ்கட்டை இறுக்கிப் பிடிக்கிறது. லைனர் இறங்கிப்போயிருந்தால் எத்தனை புதுக் கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது. இன்னொன்று: ஹெட்டைக் கழற்றியபின் லைனர்களைப் பிடித்துக் கட்டாமல் கிராங்கைச் சுற்றினால், பிஸ்டனோடு லைனரும் மேலே எழும்பிவிடும். அடியில் உள்ள வளையச் சீல் விலகி, தண்ணீர் ஆயிலில் இறங்கும். மற்ற இன்ஜின்களில் பழகிய கை இந்த இடத்தில்தான் வழுக்கும்.

இந்தத் தேர்வை வைத்திருந்தால் ஸ்டாண்டர்டு 2000 முழு மார்க் வாங்கியிருக்கும். அந்த இன்ஜின் நாற்பது ஆண்டு சோதித்துப் பார்த்த சரக்கு. ஆனால் ஷோரூமுக்கு வந்தவர்கள் கேட்ட கேள்வி வேறு. அவ்வளவு பெரிய உடம்பை 83 குதிரைத்திறன் எப்படி இழுக்கும், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், இந்த விலைக்கு எத்தனை மாருதி வாங்கலாம்? அவற்றுக்கு இன்ஜினிடம் பதில் இல்லை. 1988இல் கார் நின்றது. செய்து மிஞ்சிய பாகங்களை பிரிட்டனின் பழைய கார் உதிரி வியாபாரிகளான ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். ரோவரின் கதவும் விளக்கும் பிறந்த ஊர் திரும்பின. ஆலை மூடியது.

ஆரோக்கியமான இன்ஜின் இருந்தும் வண்டி தோற்கும் என்பதை அதே சாலையில் மறைமலை நகர் இன்னொரு விதமாகக் காட்டியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் அந்த ஆலையை நிறுத்தியது. அங்கே பிறந்த கார்கள் இன்றும் தாம்பரம் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. விலை பேசும்போது கம்ப்ரஷன் 180 என்று சொன்னாலும் வாங்குபவர் அடுத்துக் கேட்பது ‘ஸ்பேர் கிடைக்குமா?’ என்றுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளியில் பளபளவென்று இருக்கும் வண்டியின் உள்ளே என்ன நடந்தது என்பதை இந்தக் கேஜ் போட்டுக்கொடுத்துவிடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் நின்ற கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது யாராவது சாவி போட்டுச் செல்ஃப் அடித்தால், ஏறிவரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். அப்படிச் சாவி போட்டதால் வந்த சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி ஏற்பதில்லை. இன்ஜினுக்கென்று தனிக் கவர் எடுத்திருக்க வேண்டும். அதனாலேயே சில வண்டிகள் கிளெய்முக்குப் போகாமல், தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றி, ஓடவிட்டு விற்பனைக்கு வந்துவிடும். டிஎன் 11, டிஎன் 22 என்ற நம்பர் பிளேட்டில் அது தெரியாது. சீட் புதுசாகியிருக்கும், கார்பெட் மாறியிருக்கும்.

கேஜில் தெரியும். ராடு வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் முன்போல உச்சிவரை ஏறாது. சுருக்கம் குறையும், ரீடிங் ஒன்றில் மட்டும் இறங்கும். ஆயில் ஊற்றினாலும் மற்றவற்றோடு சமம் ஆகாது. அடுத்ததாக லீக்-டவுன் டெஸ்ட்: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றைப் பிளக் துளை வழியாக ஏற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று இழுக்கும் பக்கத்தில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி என்றால் கேஸ்கட். எங்குமே கசிவில்லை, ஆனாலும் கம்ப்ரஷன் குறைவு என்றால்? ராடு வளைந்திருக்கிறதா என்று திறந்துதான் பார்க்க வேண்டும். விலை பேசுவதற்கு அதைவிடப் பெரிய துருப்புச்சீட்டு வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ், அடித்தளத்துத் துரு, ஆர்.சி. புக்கில் உள்ள கடன், வெள்ளத்தில் நனைந்த ஒயரிங், நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா என்பது என இவற்றில் எதையும் அந்த முள் சொல்லாது. அவற்றுக்குத் தனித்தனியாக ஆள் பார்க்க வேண்டும். ஆனால் கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பிவைக்கலாம், சத்தத்தைக் கெட்டி ஆயில் ஊற்றி அடக்கலாம், புகையை ஒரு நாளைக்கு மறைக்கலாம். நாலு சிலிண்டரின் தம்மை ஒரே மாதிரி நடிக்கவைப்பது கஷ்டம். ‘ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க சார், போதும்’ என்கிற விற்பவரிடம், பிளக்கைக் கழற்றி ஒரு தடவை கேஜ் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அரை மணி வேலை. சரி என்றால் ரீடிங்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு விலை பேசுங்கள். வேண்டாம் என்றால், அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்புங்கள்.